காதோடு கட்டிய காது

"அத்தையே கேட்டுட்டாங்க சாத்தச் சொல்லி. அப்புறம் நீங்க என்ன நடுவுல…"

"அம்மா கேக்க மாட்டாங்க கலை. ஐப்பசி அடைமழையிலகூட அந்த ஜன்னலை அவங்க சாத்துனதில்ல. படுக்கை நனைஞ்சா தள்ளிப் படுப்பாங்களே தவிர…"

"நானா அடிச்சேன்? பேப்பர்ல இருக்கறது அவங்க அடிச்சது."

"அவங்களுக்குக் குளிரே…"

"குளிருதுன்னுதான் அடிச்சிருக்காங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க."

பேச்சு கட்டிலுக்கு மேலாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. தலைமாட்டில் மகன் அரவிந்தன், கால்மாட்டில் மருமகள் கலைமதி, நடுவில் மின்விசிறியைப் பார்த்தபடி சுபலட்சுமி. கொஞ்ச நேரத்தில் அரவிந்தன் பெருமூச்சு விட்டான். அவன் பெருமூச்சு விட்டால் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்தே அப்படித்தான். கலைமதியின் வளையல்கள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயின. ஜன்னல் கதவு இரண்டும் சேர்ந்தன, தாழ்ப்பாள் விழுந்தது. கொள்ளிடத்துக் காற்றும், தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும், பாலத்தில் ரயில் போகும்போது வருகிற நீண்ட முழக்கமும் அந்த ஒரு தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அறைக்குள் மிஞ்சியது ஃபினாயிலும், முதுகுப் புண்ணுக்குப் போடும் பவுடரும், மூலையில் இருந்த பிரிண்டரின் சூடான மை வாசனையும்.

சுபலட்சுமி ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் இதுவரை வந்த எந்த வரியையும் அவள் சொல்லவில்லை.

சித்திரைத் தேர் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே சரிந்ததுதான். கண் விழித்தபோது எல்லாம் போயிருந்தது, வலது ஆள்காட்டி விரலைத் தவிர. அந்த விரலும் ஒரு முறை அழுந்தினால் களைத்துப்போய்க் கிடந்து, மூச்சு வாங்கி, பிறகுதான் மறுபடி அழுந்தும். காது கேட்டது. எல்லாம் புரிந்தது. அழுகைகூட வந்தது. உள்ளேயிருந்து வெளியே போக மட்டும் வழியில்லை. போனைக் கையில் வைத்துப் பார்த்தார்கள். தொடுதிரை அவள் விரலை விரலாகவே ஏற்கவில்லை. பிறகு அரவிந்தனோடு கல்லூரியில் படித்த விக்டர், இப்போது திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவன், ஒரு பெட்டி செய்துகொண்டு வந்தான். பெட்டியின் முகத்தில் ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பச்சை விளக்கு. வெளிச்சம் எழுத்தெழுத்தாக நடந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது விரலுக்கு அடியில் இருக்கும் அழைப்பு மணி சுவிட்சை அழுத்தினால் போதும். ஒரு வரி சேர்ந்ததும் பெட்டி அதைப் பிரிண்டருக்கு அனுப்பும், பிரிண்டர் கறகறவென்று அடித்துக் கொடுக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ். பிரிண்டர் அவளுடையதுதான். கடையைக் காலி செய்தபோது அவள் விற்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய சாமான்.

கடை சிங்காரத்தோப்பில் இருந்தது. ஜவுளிக்கடை பில் பிரிண்டருக்கும், மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்களின் எடை மேடைக்கும் கேபிள் வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். கணவர் இருந்தவரை முன்னால் உட்கார்ந்து பேசுவார், அவள் உள்ளே உட்கார்ந்து கம்பிகளை ஈயத்தால் பற்றவைப்பாள். கேபிளில் தப்பு பண்ணிவிட்டு வந்து நிற்பவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். அனுப்புற கம்பி வாய், வாங்குற கம்பி காது, வாய் காதுக்குப் போகணும். வாய் வாயோட சேர்ந்தா ரெண்டும் கத்தும், யாருக்கும் கேக்காது. அப்போது யாராவது ஒருத்தர் கேட்பார், அப்ப காதோட காது சேர்ந்தா என்னங்க ஆகும் என்று. சும்மா கிடக்கும், ராத்திரி பூரா காத்துக்கிட்டே கிடக்கும் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அரவிந்தனுக்குக் கேபிள் வேலை தெரியாது. ஆனாலும் அம்மாவுக்கான கேபிளைத் தானே செய்ய வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தான். அவளுடைய பழைய சூட்டுக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தான். குங்கிலியம் மாதிரி அந்தப் புகை அவள் மூக்கில் ஏறியது. கழுத்து அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தாள். பெட்டியில் இருந்தது ஒன்பது ஊசி, அதாவது ஒன்பது பின், உள்ள பிளக். அதில் மூன்றாம் பின் பேசும், இரண்டாம் பின் கேட்கும். பிரிண்டரில் இருந்தது பழைய இருபத்தைந்து பின் பிளக். அதில் எல்லாம் தலைகீழ். இரண்டு பேசும், மூன்று கேட்கும். ஆகவே மூன்றை மூன்றுக்கும், இரண்டை இரண்டுக்கும் நேராகக் கொடுக்க வேண்டும். வாய் காதுக்குப் போய்விடும். "எதையும் குறுக்கேதான் குடுக்கணும் கலை, அதான் ரூல்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அரவிந்தன் குறுக்கே கொடுத்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு. இரண்டிலிருந்து மூன்றுக்கு.

வாயோடு வாய். காதோடு காது.

டேய், மாத்துடா என்று அவள் உள்ளே கத்தினாள். அவன் மேல்மூடியைத் திருகி மூடினான்.

சரி, ஒன்றும் அடிக்காது, அடிக்காவிட்டால் பிரித்துப் பார்ப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் அன்றைக்கு முதல் எழுத்தை அழுத்தினாள். 'மாத்து' என்று அனுப்ப நினைத்தாள். முதல் எழுத்தைத் தாண்டவில்லை, விரல் களைத்துவிட்டது. அந்த நேரத்தில் மூலையில் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது மாதிரி ஒரு முறை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டியது. பிறகு கறகறவென்று ஒரு வரி.

அரவிந்தன் கிழித்துப் படித்தான். படித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். கலைமதியும் அழுதாள். அழாதே தம்பி, நான் நல்லா இருக்கேன் என்று வந்திருந்தது.

சுபலட்சுமி தன் மகனைப் பிறந்ததிலிருந்து டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாமே நல்ல வார்த்தைகள். கலைமதியின் ரசம் நன்றாக இருக்கிறது என்று வந்தது. உன்னை நான் ரொம்பப் பேசிவிட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காதே என்று வந்தது. அந்தக் காகிதத்தைக் கலைமதி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்யும் டீச்சர்களிடம் போனில் சொல்லிச் சொல்லிக் கரைந்தாள். அத்தை இப்பதான் என்கிட்ட மனசு விட்டுப் பேசுறாங்க என்றாள். கட்டிலில் கிடந்தவளுக்கு அது முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்த நாளாய் அந்தப் பெண்ணின் ரசத்தை அவள் ஒரு தரம்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இப்போது அதைச் சொல்ல வேறு யாரோ வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

யாரது?

காதோடு கட்டிய காது. பேச ஆளில்லாத கம்பி. நாளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற கிணறு மாதிரி, எது வந்து விழுந்தாலும் வாங்கிக்கொள்ள அது தயாராக இருந்தது. அதற்குள் என்னவோ பேசுகிறது. பிரிண்டருக்கு மட்டும் பேசவில்லை. மறுமுனையில் பெட்டியின் காது இருக்கிறது, பெட்டியிலிருந்து வரும் கம்பி அவள் விரலுக்கு அடியில்தான் முடிகிறது.

அது அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தது. முதலில் கண். ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இமை பாதி நேரம் சொன்னபடி கேட்காது, ஆனாலும் ஒரு வழி இருந்தது. ஒரு நாள் காகிதம் சொன்னது: கண்ணைப் பார்த்து எதுவும் நினைக்காதீங்க, அது தானா சிமிட்டுது, தானா வழியுது. அன்றிலிருந்து யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு கேமரா. ஆபீசிலிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அரவிந்தன் சுவரில் மாட்டியிருந்தான். உடம்பு துடைக்கும்போது வெட்கமா இருக்கு தம்பி என்று காகிதம் கேட்டது. கழற்றிவிட்டான். பிறகு உறவுக்காரர்கள் வந்து போவது. இன்றைக்கு ஜன்னல்.

இனி மிஞ்சியிருந்தது பாப்பாயி ஒருத்திதான்.

பாப்பாயி மருங்காபுரிப் பக்கத்துக்காரி. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பாள். வாய் ஓயாது. ஆட்டுக்குட்டி விலை, அக்கா மகள் சடங்கு, பஸ்ஸில் எவனோ காலை மிதித்தது என்று எல்லாவற்றையும் சுபலட்சுமியிடம் சொல்வாள், பதில் வந்தது மாதிரியே தலையாட்டிக்கொண்டு மேலே சொல்வாள். முந்தின நாள் சாயங்காலம் வெந்நீர்ச் சட்டியைக் கட்டில்மேல் வைத்து, சுவிட்சிலிருந்து வலது கையை எடுத்து, அதில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. பிரிண்டர் அடித்தது.

பாப்பாயி பேச்சை நிறுத்தினாள். தண்ணீருக்குள் கிடந்த கையைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். பிறகு, பல நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மனிதப் பிறவி சுபலட்சுமியின் கண்ணைப் பார்த்தது.

பாத்துட்டா. கடவுளே, ஒருத்தி பாத்துட்டா.

இப்போது, ஜன்னல் சாத்தின கையோடு, கலைமதி இன்னொரு காகிதத்தை நீட்டினாள். ராத்திரி வந்ததாம். பாப்பாயி கிள்ளுகிறாள் என்று இருந்தது. போர்வையை விலக்கிக் காட்டினாள். தோளுக்குக் கீழே ஒரு கன்றல். படுத்தே கிடக்கிற உடம்பில் தானாக விழுகிற கறுப்புதான் அது. யாரும் கிள்ளவில்லை. ஆனால் காகிதமும் கன்றலும் சேர்ந்தபோது அரவிந்தனின் முகம் மாறிப்போனதைச் சுபலட்சுமி பார்த்தாள்.

பாப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அழவில்லை, சத்தியம் செய்யவில்லை.

"நான் கிள்ளுனேனா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம் சார். அந்த மிஷினு அடிக்கறப்ப நீங்க ஒரு தடவையாச்சும் அம்மா விரலைப் பாத்திருக்கீங்களா? எல்லாரும் பேப்பரைத்தானே பாக்குறீங்க."

கலைமதி பேச்சை மாத்தாதே என்றாள். அரவிந்தன் மெதுவாகப் பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தான். போனை எடுத்தான். சுபலட்சுமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உடம்பில் அது மட்டும் இன்னும் அவள் சொல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

விக்டரின் குரல் போனில் பெரிதாகக் கேட்டது. பின்னால் பாலக்கரைப் பக்கத்து பஸ் ஹாரன்கள்.

"அந்த இருபத்தஞ்சு பின்னுல எப்படிடா குடுத்த?"

"குறுக்கேதான். மூணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து மூணு."

விக்டர் குரலை உயர்த்தினான். "அப்படிக் குடுத்தா அது வேலையே செய்யாதேடா."

சொல்லிட்டான். சுபலட்சுமியின் உள்ளே என்னவோ எழுந்து உட்கார்ந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவள் இத்தனை நாளும் விரலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். சூட்டுக்கோலை எடுடா. மூடியைக் கழற்றுடா.

அரவிந்தன் சிரித்தான். "வேலை செய்யுதேடா. அம்மா தினமும் பக்கம் பக்கமா அடிக்கிறாங்க."

விக்டரும் சிரித்தான். "செய்யுதா? அப்ப நான்தான் பெட்டியிலே எதையோ மாத்திக் குடுத்திருப்பேன். வேலை செய்யுதுன்னா கை வைக்காதே மச்சான். அதான் நம்ம தொழில்ல முதல் பாடம்."

அந்தப் பாடத்தை அவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஓடுற மிஷின்ல கை வைக்காதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு அரவிந்தன் பாப்பாயியைப் பார்த்தான். சரி, விரலைத்தானே பார்க்கணும், பார்த்துவிடுவோம் என்றான். கட்டில் ஓரமாக மண்டி போட்டு, முகத்தை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. மத்தியானம் குடித்த காபியின் வாசனை. கலைமதி குனிந்தாள். பாப்பாயி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அம்மா. பாப்பாயி உங்களைக் கிள்ளினாளா?"

அசைக்காதே. சுபலட்சுமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை மாதமாக அசை அசை என்று கெஞ்சின விரலிடம் இப்போது அசையாதே என்று கெஞ்சினாள். அவளால் செய்ய முடிந்த ஒரே காரியம், செய்யாமல் இருப்பது. விரல் கல் மாதிரி கிடக்கட்டும். அது அடிக்கட்டும். என் பிள்ளை பார்க்கட்டும். பச்சை வெளிச்சம் எழுத்தெழுத்தாக நடந்தது. முதல் வரிசை முடிந்தது. இரண்டாம் வரிசை. பிரிண்டர் சத்தம் காட்டவில்லை. சாத்திய ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தின காற்று தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தது.

முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சுவிட்சுக்கு மேலே, விரல் நுனியில். செத்துப்போன தோலில் இத்தனை நாளாக இல்லாத ஒரு குறுகுறுப்பு. நகத்துக்கு அடியில் புகுந்தது. முதல் கணுவைத் தாண்டியது.

விரல் வளைந்தது.

அவள் வளைக்கவில்லை. அவள் முழுப் பலத்தையும் கொண்டு அதைத் தடுத்தாள். தடுப்பதற்கு அங்கே அவளுக்குப் பலம் எதுவும் இல்லை. விரல் அழுத்தியது. நிமிர்ந்தது. வெளிச்சம் அடுத்த எழுத்துக்கு வருவதற்காகக் காத்திருந்தது, அழுத்தியது. களைக்கவேயில்லை. கடையில் பில் போடுகிற பெண்ணின் விரல் மாதிரி சுறுசுறுப்பாக, லாகவமாக. கறகற.

ஆமாம் என்று வந்தது.

அரவிந்தன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா பாப்பாயி. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

பாப்பாயி கிட்டே வந்து, குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பது மாதிரி இரண்டு விரலால் அந்த ஆள்காட்டி விரலைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இது அம்மா விரல் இல்லைங்க" என்றாள், மெதுவாக. "நான் தினமும் தேய்ச்சுக் குளிப்பாட்டுற கை எனக்குத் தெரியாதா."

அதற்கப்புறம் கலைமதி பேசியதுதான் அதிகம். ஏஜென்சிக்குப் போன் போனது. காலையில் வேறு பெண்ணை அனுப்புகிறோம் என்றார்கள். பாப்பாயி பாயைச் சுருட்டினாள், பையை எடுத்தாள். போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: அந்த ஜன்னலை மட்டும் திறந்து வெச்சுட்டுப் போகட்டுமா. கலைமதி வேண்டாம் என்றாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. வாசல் கேட் கிறீச்சிட்டது. இனிமேல் ஆட்டுக்குட்டி விலையைச் சொல்ல ஆள் இல்லை.

சாயங்காலம் கலைமதியின் தங்கைக்கு உறையூரில் கல்யாண வரவேற்பு. நான் இருக்கிறேன், நீ போயிட்டு வா என்று அரவிந்தன் சொல்லியிருந்தான். கலைமதியும் அதற்குச் சம்மதித்து, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அறை முழுவதும் மல்லிகை வாசனை. குறுகுறுப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. போகாதே என்று அனுப்பிப் பார்க்கலாம் என நினைத்து, விரலைத் தேடினாள். விரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யாரோ உட்கார்ந்துவிட்ட நாற்காலி மாதிரி இருந்தது.

கறகற.

கலைமதி கிழித்து, சத்தமாகப் படித்தாள். நீயும் போ தம்பி. சம்பந்தி வீட்டு விசேஷம், மூத்த மாப்பிள்ளை இல்லைன்னா தப்பாப் பேசுவாங்க. நான் தூங்கப் போறேன். அரவிந்தன் தயங்கினான். கீழ்வீட்டு ஜெஸ்லினை மேலே வந்து உட்காரச் சொல்லவா என்று கேட்டான். அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே, விளக்கை அணைச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போ என்று வந்தது. எவ்வளவு பெருந்தன்மையான அம்மா. பெற்றவள் இவ்வளவு இதமாக ஒரு நாளும் பேசினதில்லையே என்று அவனுக்கு ஏன் தோன்றவில்லை?

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து குனிந்தான். கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான்.

"பாவம், தானா வழியுது" என்றான் கலைமதியிடம். பிறகு அம்மாவிடம், "சாப்பிட்டதும் கிளம்பி வந்துடுறேம்மா. போயிட்டு வரட்டுமா?"

டேய். டேய். டேய்.

போயிட்டு வாங்க என்று அடித்தது பிரிண்டர்.

விளக்கு அணைந்தது. கதவு மூடிக்கொண்டது. ஸ்கூட்டர் இரண்டு முறை இருமி, மூன்றாவதில் கிளம்பி, தெரு முனையில் திரும்பி, மேலூர் ரோட்டுச் சத்தத்தில் கரைந்தது. கீழே ஜெஸ்லின் வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுகிற மழையாக இல்லாமல், மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வேறு ஏதோ ஊரில் பெய்கிற மழை மாதிரி மங்கலாகக் கேட்டது. இருட்டில் பிரிண்டரின் சிவப்பு விளக்கு ஒன்று. பெட்டியில் பச்சை வெளிச்சம் எழுத்தெழுத்தாக, கேட்பாரில்லாமல், நடந்துகொண்டிருந்தது. மை வாசனை தணிந்துபோய், அதற்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது தெரிந்தது. ரொம்ப நாளாகத் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் வாசனை.

அவள் காத்திருந்தாள். அது அடிக்கும். யாருமில்லாதபோது என்னவாவது அடிக்கும்.

அடிக்கவில்லை.

பச்சை வெளிச்சம் நின்றது. ஒரு எழுத்திலும் இல்லை. அணைந்தது.

குறுகுறுப்பு தோளுக்கு வந்தது.

விரல் சுவிட்சை விட்டு எழுந்தது. சித்திரையிலிருந்து தூக்காத கை, தலையணை உறையில் உரசிக்கொண்டு, மெதுவாக, கனமில்லாமல் எழுந்தது. இருட்டில் அது வருவது தெரியவில்லை. காற்று அசைந்தது. பிறகு நெற்றியில் பட்டது. ஈரமாக இருந்தது, குளிர்ந்திருந்தது. கண் தெரியாதவர்கள் புது ஆளைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தது. புருவம். மூக்கு. மூக்குத்தி. கன்னத்தில் வழிந்திருந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றது. உதட்டுக்கு வந்தது. உதட்டின் ஓரத்தை அளந்தது.

கழுத்தில் எறும்பு.

தாடையில்.

நாக்கில்.

கீழே டிவி நின்றது. ஜெஸ்லின் மாடிப்படிக்கு வந்து, ஒரு முறை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். அம்மா தூங்குகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கீழ்க்கதவு சாத்திக்கொண்டது.

சுபலட்சுமியின் வாய் திறந்தது. மாதக்கணக்காக ஒட்டிக் கிடந்த நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. நெஞ்சு அவளைக் கேட்காமல் மூச்சை இழுத்துக்கொண்டது. அவளுடைய குரல்தான் வந்தது. சிங்காரத்தோப்பு இரைச்சலில் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற அதே குரல், தெளிவாக, பரிவாக, மிகப் பக்கத்தில்.

"நீ பேசு சுபா. இப்ப நான் கேக்குறேன்."